34 விநாடி எங்கே போயிற்று? கடற்கரைப் பள்ளிகளின் தடகளப் பிள்ளைகள் குறித்து ஓர் இணைய உரையாடல்

சுண்ணாம்புக் கோடு எழுதியது:

ராமேஸ்வரம் தீவில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் 2012-ஆம் ஆண்டு 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தவன் நான். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை என்பது ஆணை. போட்டிக் காலத்தில் அந்தக் கணக்கை நானும் பார்ப்பதில்லை, பள்ளியும் பார்ப்பதில்லை.

எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் 3,000 மீட்டர் நடைப்போட்டியில் பயிற்சி எடுத்து வருகிறாள். அவளுடைய தாயார் கடற்பாசி எடுக்கப் போகிறவர். நடைப்போட்டி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருப்பது நடுவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும், முன்வைத்த கால் தரையைத் தொட்ட நொடியிலிருந்து உடலுக்கு நேர்கீழே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. இந்த இரண்டு விதிகளுக்கும் கட்டுப்பட்டு வேகமாக நடந்தால் இடுப்பு அசைந்துதான் தீரும். அந்த அசைவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இருப்பதால், அவள் காலையில் ஐந்தரை மணிக்கே மைதானத்துக்கு வந்து, ஊர் விழிப்பதற்குள் பயிற்சியை முடித்துக்கொள்கிறாள். சீமைக்கருவேல முள் காலில் ஏறினால் தாவணியில் குத்தியிருக்கும் ஊக்கை எடுத்து முள்ளைக் கிளறி எறிந்துவிட்டு, அதே சுற்றைத் தொடர்கிறாள்.

சென்ற மாதம் ராமநாதபுரத்தில் நடந்த மாவட்ட அளவிலான போட்டியில் அவளுக்கு மூன்றாமிடம் கிடைத்தது. பள்ளி மைதானத்தில் 16 நிமிடம் 50 விநாடியில் நடந்தவள், அங்கே 17 நிமிடம் 24 விநாடி எடுத்துக்கொண்டாள். இடையில் 34 விநாடி போய்விட்டது. பெரிய மைதானத்தைப் பார்த்துப் பதறிவிட்டாய் என்று பேருந்தில் திரும்பும்போது அவளைக் கடிந்துகொண்டேன். பாம்பன் பாலம் வரும்வரை அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. நாங்கள் ஊருக்குள் நுழைந்த அந்த மாலையில், தெருமுனையில் ஒரு கிரிக்கெட் போட்டியில் வென்ற அணியினருக்கு ஆளுயரப் பதாகை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் கேள்வி இதுதான். தடகளம், டென்னிஸ், வளையப்பந்து, நடை என்று பெயர் வெளியே தெரியாத விளையாட்டுகளில் இருக்கும் நம் பிள்ளைகள் பெரிய மைதானத்தில் தளர்ந்துபோவதற்குக் காரணம், அவர்களை எவரும் கண்டுகொள்ளாததுதானா? நாளிதழில் ஒரு வரி வந்திருந்தால் அவள் இன்னும் துணிச்சலாக நடந்திருப்பாளா?

---

மாவட்டப் பக்கம் எழுதியது:

நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளராக இருப்பவன். ஆசிரியர் கேட்ட கேள்வியில் பாதிக் குற்றச்சாட்டு எங்கள் மேல் இருப்பதால் மறுமொழி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கபடிப் போட்டியின் முடிவு எனக்கு எப்படி வருகிறது என்றால், இறுதி ஆட்டம் முடிந்த அரை மணி நேரத்தில் இரு அணிகளின் பெயர், புள்ளி, பரிசளித்தவர், கோப்பையோடு எடுத்த படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்துவிடும். தடகளப் போட்டியின் முடிவு இரவு ஒன்பதரை மணிக்கு வரும். அதில் "எங்கள் பள்ளி மாணவி முதலிடம்" என்று இருக்கும். எந்தப் போட்டி, எந்த வயதுப் பிரிவு, எத்தனை விநாடி, எத்தனை மீட்டர் என்று எதுவும் இராது. திரும்ப அழைத்தால் ஆசிரியர் பேருந்தில் இருப்பார், பாலத்தின்மேல் சிக்னல் கிடைக்காது. முதலிடம் என்பது மட்டும் செய்தியாகாது. ஒரு போட்டியில் மூவர் மட்டுமே கலந்துகொண்டிருக்கலாம். 100 மீட்டரை 12.9 விநாடியில் ஓடிய பதினான்கு வயதுச் சிறுமி என்று எழுதி அனுப்புங்கள், அது செய்தியாகும். வேறொரு ஊரில் இருக்கும் பயிற்சியாளர் அதைப் படித்துவிட்டு உங்களை அழைக்கவும் கூடும்.

பதாகை கட்டுவதும் கட்டாததும் ஊரார் விருப்பம். அதற்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது.

---

ஓலைக்குடா அப்பா எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். என் மகன் பத்தாம் வகுப்பில் வட்டு எறிகிறான். நான் விசைப்படகில் பங்குக்குப் போகிறவன். பத்திரிகையில் பெயர் வந்தால் மகிழ்ச்சிதான், அதைத் தாத்தாவிடம் காட்டலாம். ஆனால் எங்களைப் போன்றோருக்கு வேண்டியது வேறு.

பிள்ளைகள் தங்கிப் பயிற்சி பெறும் அரசு விளையாட்டு விடுதிக்கான தேர்வு கோடை விடுமுறையில்தான் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் படகு கரையில் நிற்கும், கையில் காசு இராது. பிள்ளையை வெளியூருக்கு அழைத்துச் சென்று ஓர் இரவு தங்க வைத்துத் தேர்வில் கலந்துகொள்ளச் செய்யும் செலவு, சரியாக நாங்கள் கடன் வாங்கும் நாட்களில்தான் வந்து நிற்கிறது. சென்ற ஆண்டு போகவில்லை. இந்த ஆண்டு மாசி மாதமே நூறும் இருநூறுமாக ஒதுக்கி வைத்திருந்து போனோம்.

அங்கே போன பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. 17 வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகள் எறிய வேண்டிய வட்டின் எடை ஒன்றரைக் கிலோ. எங்கள் ஊர்ப் பள்ளியில் இருந்தது பெண்கள் எறியும் ஒரு கிலோ வட்டு ஒன்றே. இரண்டு ஆண்டுகளாக அதையே எறிந்து பழகிய என் மகன், அன்று கையில் வாங்கிய வட்டைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அவன் தோற்றதைவிட, தன் அளவு என்னவென்று தெரியாமலேயே இரண்டு ஆண்டுகள் எறிந்திருக்கிறான் என்பதுதான் எனக்கு வலித்தது.

அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது என்கிறார்கள். அந்தப் படிவத்தை நிரப்புவதற்குப் பெரிய போட்டிகளின் சான்று வேண்டும். அவ்வளவு தூரம் போவதற்கு முதலில் சரியான எடையில் ஒரு வட்டு வேண்டும்.

---

ஆடிக்காற்று எழுதியது:

கோல்ஃப் விளையாட்டையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாமே! நம் ஊரில் மணலுக்கா பஞ்சம்?

---

கீழக்கரைத் தாய் எழுதியது:

சகோதரர் வேடிக்கையாகச் சொன்னாலும் அதற்கு ஒரு மறுமொழி உண்டு. 18 குழி மைதானம் ஒன்றுக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலமும், அந்தப் புல்லுக்கு நாள்தோறும் நீரும் வேண்டும். காவிரித் தண்ணீரைக் குழாயில் வரவழைத்துக் குடிக்கும் மாவட்டம் நம்முடையது. உதகை, கொடைக்கானல் பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டு இருக்கட்டும்.

என் மகள் டென்னிஸ் ஆடுகிறாள், ஒன்பதாம் வகுப்பு. தடகளப் பிள்ளைகளுக்குப் பள்ளி, குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஒரு படிக்கட்டாவது இருக்கிறது. டென்னிஸில் பள்ளிகளுக்கிடையிலான போட்டி இருந்தாலும் ஒரு பிள்ளையின் உண்மையான நிலையைக் காட்டுவது அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் தரவரிசைதான். 12, 14, 16, 18 வயதுக்குட்பட்டோர் எனத் தனித்தனியே உள்ள அந்தப் பட்டியலில் புள்ளி சேர்ப்பதற்கு ஒவ்வொரு போட்டிக்கும் வேறு ஊருக்குப் போக வேண்டும். ஒரு சுற்றில் தோற்றால் அன்று மதியமே திரும்ப வேண்டும், வென்றால் விடுதிக்கு இன்னொரு நாள் வாடகை. தாய்க்கு மகள் வெற்றி பெறும்போதே பணக்கவலையும் சேர்ந்து வருகிற விளையாட்டு இதைப்போல் வேறொன்று இருக்காது என்று நினைக்கிறேன்.

இங்கே அவள் பழகுவது சிமெண்ட் தரை. வலையின் நடுப்பகுதி 0.914 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். எங்கள் ஆடுகளத்தில் வலையைத் தாங்கும் இரும்புக் கம்பியை இறுக்கும் திருகு துருப்பிடித்துத் தளர்ந்து ஓராண்டு ஆகிறது. உப்புக்காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வலை அரை சாண் தொய்ந்திருப்பதை நாங்கள் கவனிக்கவேயில்லை. மதுரையில் ஆடியபோது அவளுடைய சர்வீஸ் நான்கில் மூன்று வலையில் மோதியது. "உம்மா, வலையை ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள்" என்று அழுதாள். அவர்கள் சரியாகக் கட்டியிருந்தார்கள்.

1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற ராமநாதன் கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். பின்னர் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆடவர் பிரிவில் அரையிறுதி வரை போனார். தென்கோடியிலிருந்து ஒருவர் அவ்வளவு தூரம் போனார் என்று மகளிடம் சொல்வதுண்டு. ஆனால் அவருக்குப் பயிற்சி அளித்த தந்தையே ஒரு நல்ல ஆட்டக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவள் என்னைத்தான் குறை சொல்வாள்.

---

நாலாவது லேன் எழுதியது:

பள்ளி நாட்களில் 400 மீட்டர் ஓடியவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்று இப்போது மதுரையில் இருக்கிறேன். சொந்த ஊர் சாயல்குடிப் பக்கம்.

ஆசிரியர் அவர்களே, அந்தப் பெண் பதறிவிட்டாள் என்று நீங்கள் முடிவு செய்வதற்கு முன், அவளுடைய 16 நிமிடம் 50 விநாடி உண்மையானதா என்று பார்த்தீர்களா? தவறாக எண்ண வேண்டாம். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

பள்ளியில் 100 மீட்டரை 11.2 விநாடியில் ஓடுபவன் என்று எனக்கு ஊரில் பெயர். முதன்முதலாக மின்னணுக் கருவி வைத்திருந்த போட்டியில் ஓடியபோது பலகையில் 11.84 என்று வந்தது. என் கால் என்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்தேன். பிறகு ஒரு பயிற்சியாளர் மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினார். கைக்கடிகாரத்தில் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட, 100 மீட்டருக்கு 0.24 விநாடியைச் சேர்ப்பது வழக்கம். கடிகாரத்தை அழுத்துபவரின் கை தாமதிப்பதுதான் காரணம். அதுவும் துப்பாக்கியின் புகையைப் பார்த்து அழுத்தினால்தான். எங்கள் ஊரில் விசில் ஊதுவார்கள். முடிவுக்கோட்டில் நிற்பவரின் காதுக்கு 100 மீட்டர் தூரத்திலிருந்து ஒலி வந்துசேர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகிறது. அவ்வளவு நேரம் நான் இலவசமாக ஓடியிருக்கிறேன்.

அடுத்தது காற்று. 100, 200 மீட்டர் ஓட்டங்களிலும் நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதலிலும் பின்னிருந்து வீசும் காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் இருந்தால் சாதனைக்குச் செல்லாது. விநாடிக்கு 2 மீட்டர் என்பது மணிக்கு 7.2 கிலோமீட்டர்தான். குறுவட்டப் போட்டிகள் நடப்பது ஆடி, ஆவணி மாதங்களில்; அப்போது நம் கரையில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எப்படிப்பட்டது என்பது பாய் விரித்தவர்களுக்குத் தெரியும். மைதானம் மேற்கிலிருந்து கிழக்கே போனால் எல்லாப் பிள்ளைகளும் புயலாக ஓடுவார்கள், கிழக்கிலிருந்து மேற்கே போனால் எல்லாரும் சோம்பேறிகள். இரண்டுமே பொய். காற்றுமானி வாங்க முடியாவிட்டால், ஒரு குச்சியில் துணி கட்டி நட்டு, "கச்சான், பின்னிருந்து, பலமாக" என்று நேரத்துக்குப் பக்கத்தில் எழுதி வைத்தாலே போதும், அந்த எண்ணைப் பிறகு எவரும் நம்பி ஏமாற மாட்டார்கள்.

ஓலைக்குடா அண்ணனுக்கு ஒரு சொல். எறிதல் போட்டிகளுக்குக் காற்று வரம்பு கிடையாது. வட்டுக்கு மிதமான எதிர்க்காற்று உதவியே செய்யும். அது வட்டைத் தூக்கிப் பிடிக்கும். நம் பிள்ளைகள் விரைவோட்டத்தில் பெருமைப்படுவதைக் குறைத்துக்கொண்டு, வட்டும் நெடுந்தூர ஓட்டமும் நடையும் எடுத்துக்கொண்டால் இந்தக் கரை அவர்களுக்குத் துணை நிற்கும் என்பது என் கருத்து. ஒன்றரைக் கிலோ வட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. விளிம்பு சற்றுத் தேய்ந்தது, எடை சரியானது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

காலணி பற்றியும் சொல்லிவிடுகிறேன். மண்ணில் ஓடும் முள்காலணியின் நீண்ட ஆணிகளோடு செயற்கைத் தளத்துக்கு வந்தால் அனுமதிக்க மாட்டார்கள். ஓட்டங்களுக்கு 9 மில்லிமீட்டர்தான் உச்ச வரம்பு. எனக்கு அது தெரியாமல் மாநிலப் போட்டியின் தகுதிச் சுற்றில் வெறுங்காலோடு ஓடினேன். கொதிக்கும் ரப்பரில் இரண்டாவது வளைவு முடிவதற்குள் பாதம் கொப்பளித்தது. ஆணியைக் கழற்றி மாற்றும் சாவி ஒன்று என்னிடம் இருந்திருந்தால் போதும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். உங்கள் பள்ளி ஓடுதளம் எத்தனை மீட்டர்? வளைவின் ஆரம் எவ்வளவு? கடைசியாக எதைக் கொண்டு அளந்தீர்கள்?

---

சுண்ணாம்புக் கோடு எழுதியது:

200 மீட்டர் ஓடுதளம். நேர்ப்பகுதி இரண்டும் 40 மீட்டர். வளைவின் ஆரத்துக்கு அளந்து வைத்த கயிறு ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் முளையடித்து அந்தக் கயிற்றைச் சுழற்றித்தான் சுண்ணாம்பு போடுகிறோம். கயிறு ஒரு மாணவனின் தந்தை கொடுத்த வலைக்கயிறு. ஆரம் எவ்வளவு என்பது எனக்கு நினைவில்லை. நாளை பார்க்கிறேன்.

---

பாய்மரம் எழுதியது:

தொண்டிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பாக் நீரிணையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குத் தோன்றும் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1994-இல் பன்னிரண்டு வயதுச் சிறுவன் குற்றாலீஸ்வரன் இந்த நீரிணையை நீந்திக் கடந்தார். 2022-இல் பதின்மூன்று வயது ஜியா ராய் தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனை வரை நீந்தி வந்தார். அவர்கள் நீந்தியது நம் கடல், வந்து ஏறியது நம் கரை, நின்று கைதட்டியவர்கள் நம் பிள்ளைகள். நீந்தியவர்கள் மட்டும் வெளியூர்ப் பிள்ளைகள். நம் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாதா? நடக்கக் கற்பதோடு சேர்த்துக் கற்கிறார்கள். ஆனால் நீச்சல் போட்டி என்பது குளத்தில் கட்டையிலிருந்து பாய்வதும், சுவரைத் தொட்டுத் திரும்புவதும், நான்கு வகை நீச்சலை விதிப்படி நீந்துவதும் ஆகும். அலைக்கு மேல் தலையைத் தூக்கி வைத்து நீந்திப் பழகியவன் அங்கே முதல் திருப்பத்திலேயே பின்தங்கிவிடுகிறான்.

பாய்மரப் படகிலும் இதே கதைதான். திருவிழாவுக்கு எங்கள் பக்கத்தில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும்போது, கீழ்க்காற்றான கொண்டல் திரும்புவதை நீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லும் பதினைந்து வயதுப் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில், ஒருவர் மட்டும் ஓட்டும் சிறு பாய்மரப் படகான ஐஎல்சிஏ-4 பிரிவில் வெள்ளி வென்ற பதினேழு வயது நேஹா தாக்கூர் மத்தியப் பிரதேசத்துக்காரர். கடலே இல்லாத மாநிலம். போபால் ஏரியில் பயிற்சி பெற்றவர். அந்தப் படகின் பாய் 4.7 சதுர மீட்டர். உலகெங்கும் ஒரே அளவு, ஒரே எடை. நம் வத்தைப் படகு ஒவ்வொன்றும் ஓர் அளவு. நம் பையன்களுக்குக் காற்று தெரிகிறது, ஆனால் அவர்கள் எவ்வளவு நன்றாகப் படகு ஓட்டுகிறார்கள் என்பதைப் போபால் பெண்ணோடு ஒப்பிட்டுச் சொல்ல வழியே இல்லை. நம் மாவட்டத்துப் பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் நீர் விளையாட்டு அகாடமி அமைக்கப்படும் என்று அறிவித்தபோது நான் எதிர்பார்த்தது பெரிய கட்டடத்தை அல்ல. அளவு ஒத்த நான்கு படகுகள் கரையில் கிடந்து, பள்ளிக்கூடம் விட்டுவரும் பிள்ளை அதில் ஏறலாம் என்றால் அதுவே பெரிது.

---

ஆடிக்காற்று எழுதியது:

எல்லாரும் அளவு, அளவு என்கிறீர்கள். மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வெறுங்காலோடு ஓடிப் பழகி டோக்கியோ ஒலிம்பிக் வரை போகவில்லையா? மன உறுதி இருந்தால் போதாதா?

---

நாலாவது லேன் எழுதியது:

ரேவதி வெறுங்காலோடு ஓடியது உண்மை. அவர் ஓடுவதை ஒரு பயிற்சியாளர் பார்த்தார், நேரத்தைக் குறித்தார், விடாமல் பயிற்சிக்கு வரவழைத்தார், பாட்டி சம்மதித்தார் என்பதும் உண்மை. மன உறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால், காலணி வாங்கித் தராதவர்களுக்கு அது வசதியான கதையாகிவிடும்.

---

நெறியாளர்:

கிரிக்கெட்டா தடகளமா என்று வழக்கு நடத்திய இரண்டு மறுமொழிகள் நீக்கப்பட்டுள்ளன. பேச்சு பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியதாகவே இருக்கட்டும்.

---

சுண்ணாம்புக் கோடு எழுதியது:

இன்று காலை பொதுப்பணி ஒப்பந்ததாரர் ஒருவரிடம் இரும்பு அளவுநாடா இரவல் வாங்கி அளந்தேன். உடன் இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். அந்தப் பெண்ணும் இருந்தாள்.

நேர்ப்பகுதி 40 மீட்டர் சரியாக இருந்தது. வளைவின் கோட்டுக்கு ஆரம் 18.90 மீட்டர் இருக்க வேண்டும். ஓரக்கட்டை இல்லாத தளத்தில் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவதாகக் கணக்கு என்பதால், 19.10 மீட்டர் ஆரத்தில் ஓடினால் சுற்று 200 ஆகும். எங்கள் கயிறு 17.90 மீட்டர்தான் இருந்தது.

எப்படிக் குறைந்தது என்று கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. முளையில் மாட்டும் கண்ணி ஒவ்வோர் ஆண்டும் தேய்ந்து அறுந்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் எவரோ, பெரும்பாலும் நான்தான், அறுந்த இடத்துக்கு உள்ளே புதிய முடிச்சுப் போட்டிருக்கிறேன். நான்கு பழைய முடிச்சுகளின் தழும்பு அதில் இருக்கிறது. கடற்கரையில் பிறந்தவனுக்கு முடிச்சுப் போடத் தெரியும். முடிச்சு எவ்வளவு கயிற்றைத் தின்னும் என்பது தெரிந்திருக்க வேண்டாமா?

ஆரம் ஒரு மீட்டர் குறைந்தால் ஒரு சுற்றில் 6.28 மீட்டர் குறையும். 3,000 மீட்டருக்குப் பதினைந்து சுற்று. ஆக அவள் எங்கள் மைதானத்தில் நடந்தது 2,906 மீட்டர். அதே வேகத்தில் முழுத் தூரத்தையும் நடந்திருந்தால் ஏறக்குறைய 17 நிமிடம் 23 விநாடி ஆகியிருக்கும். ராமநாதபுரத்தில் அவள் எடுத்துக்கொண்டது 17 நிமிடம் 24 விநாடி.

அவள் பதறவில்லை. முழுத் தூரமும் தன் வேகத்தைக் கடைசி விநாடி வரை விடாமல் காப்பாற்றியிருக்கிறாள். அதற்குத்தான் நான் பேருந்தில் வைத்து அவளைத் திட்டியிருக்கிறேன்.

கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டி, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவள் கணக்கை இன்னொரு முறை தானே போட்டுப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் சார், நம் பள்ளிச் சாதனைப் பலகையில் இருக்கும் அக்காமார்களின் நேரமும் தவறுதானே?" என்று கேட்டாள்.

தலைமையாசிரியர் அறையின் வெளிச்சுவரில் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதிய பட்டியல் அது. அதில் 800, 1,500, 3,000 மீட்டர் எல்லாம் இந்தக் கயிறு போட்ட வட்டத்தில் ஓடியவை. இருந்துவிட்டுப் போகட்டும், பெயர் எழுதிய பிள்ளைகள் வருத்தப்படுவார்கள் என்கிறார் தலைமையாசிரியர். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

---

மாவட்டப் பக்கம் எழுதியது:

ஆசிரியர் அவர்களே, அந்த மாணவியின் சரியான நேரத்தையும் வயதுப் பிரிவையும் எனக்கு அனுப்புங்கள். கயிற்றின் கதையை அவளுடைய சம்மதத்தோடும் உங்கள் சம்மதத்தோடும் மட்டுமே எழுதுவேன்.

---

ஓலைக்குடா அப்பா எழுதியது:

ஐயா, வலைக்கயிற்றை அளவுக்கு நம்ப வேண்டாம். நனைந்தால் நீளும், காய்ந்தால் இறுகும். கப்பி மாட்டும் மெல்லிய இரும்புக் கம்பி என்னிடம் இருபது மீட்டருக்கு மேல் இருக்கிறது. இரு முனையிலும் வளையம் வைத்து முறுக்கித் தருகிறேன். முடிச்சே போட வேண்டியதில்லை.

---

தங்கச்சிமடம் மகள் எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். நான் யாரென்று நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். அந்தப் பலகையில் 1,500 மீட்டருக்கு எதிரே 5 நிமிடம் 12 விநாடி என்று எழுதியிருப்பது என்னுடையது. ஆறு ஆண்டுகளாக அங்கே இருக்கிறது. கோயம்புத்தூரில் செவிலியர் பயிற்சிக்கு நேர்காணலுக்குப் போனபோதும் அதைத்தான் சொன்னேன்.

உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரவுப் பணியில் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழரைச் சுற்றில் 47 மீட்டர் குறைவு. என் நேரத்தோடு பத்து விநாடி சேர்க்க வேண்டும். ஆனால் நான் ஓடிய ஆண்டில் கயிற்றில் எத்தனை முடிச்சு இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆகவே 5 நிமிடம் 22 விநாடி என்று திருத்தி எழுதினால் அதுவும் பொய்யாகத்தான் இருக்கும்.

எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்று கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் ஓடியவளைச் சீமைக்கருவேல மரத்துக்குப் பக்கத்தில் வைத்து முந்தினேன். அவளும் அதே வட்டத்தில்தான் ஓடினாள். அதனால் நான் அவளை முந்தியது முந்தியதுதான்.

பலகையை வெள்ளையடித்துவிடுங்கள் ஐயா. கம்பியால் கோடு போட்ட பிறகு முதல் வரியில் அந்தத் தங்கையின் நடை நேரத்தை எழுதுங்கள். பக்கத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது, கால் ஒத்துழைத்தால், ஏழரைச் சுற்று நானும் ஓடிப் பார்க்கிறேன். கடிகாரம் நீங்களே பிடியுங்கள்.